வைரமும் வதந்தியும்

சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்று ஆராயாமல் தீர்ப்பளித்த பாண்டிய மன்னனின் கதை நம் மதுரைக்கு உரியது. அதனைக் கற்பித்த நானே, ஒரு வைரத்தின் வரலாற்றில் அப்பிழையைச் செய்தேன்.

கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த அவ்வைரத்தின் எடை 410 காரட். சுரங்க அடிமை ஒருவன் தன் காலைக் கீறி, புண்ணுக்குள் அதனை ஒளித்துக் கடற்கரைக்குத் தப்பினானாம். ஆங்கிலக் கப்பல் தலைவன் ஒருவன் அவனைக் கடலில் தள்ளிவிட்டு, கல்லை ஒரு வணிகருக்கு விற்றானாம். இதனைப் பல்லாண்டுகள் வகுப்பில் வரலாறாகவே உரைத்து வந்தேன். ஒருநாள் மாணவன் ஒருவன், "இதற்குச் சான்று எது, ஐயா?" என்று வினவினான். விடை கூற இயலாமல் நின்றேன்.

அதன்பின் தேடிப் படித்தேன். சென்னைக் கோட்டையின் ஆளுநர் தாமஸ் பிட், ஜாம்சந்த் என்னும் வணிகரிடம் அதனை வாங்கினார். வணிகர் கேட்டது 2,00,000 வராகன். பேரம் முடிந்தது 48,000 வராகனுக்கு. முறைகேடாகப் பெற்றார் என்ற வதந்தி பரவவே, அதனை மறுத்து 1710-இல் பிட் எழுதிய வாக்குமூலத்தில் இவ்விவரங்கள் உள்ளன. அதுவும் வாங்கியவரின் கூற்றே என்பதையும் மறத்தலாகாது.

இலண்டனில் பட்டை தீட்டியபின் அவ்வைரம் ஏறத்தாழ 140 காரட் ஆயிற்று. 1717-இல் பிரெஞ்சு நாட்டின் அரசப் பிரதிநிதி அதனை வாங்கியதால் 'ரீஜன்ட்' என்று பெயர் பெற்றது. நெப்போலியனின் வாளை அணிசெய்த அது, இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்துக்கு உரியது.

கதையை விரும்பிக் கேளுங்கள். வரலாறென ஏற்குமுன், சிலம்பை உடைத்துப் பாருங்கள்.