கார்த்திகைக் கிழங்கு – இயல்பும் பயனும் எச்சரிக்கையும்

மாரி மழை தொடங்கியதும் வேலியோரங்களிலும் பற்றைகளிலும் தானே முளைத்து, கார்த்திகை மாதத்தில் தீச்சுவாலை போலப் பூத்து நிற்கும் கொடியை அறியாத கமக்காரர் இலர். கார்த்திகைப் பூ என வழங்கும் இதனைப் பண்டைத் தமிழர் காந்தள் என்றனர். சிங்கள மக்கள் நியங்கலா என்பர். தாவரவியலார் இதனை முன்னர் லில்லிக் குடும்பத்தில் அடக்கினர். இக்காலத்தில் கொல்சிக்கக் குடும்பத்தில் வைக்கின்றனர். இதன் வித்திலும் கிழங்கிலும் மருந்தும் உண்டு, உயிரைப் போக்கும் நஞ்சும் உண்டு. ஆகவே உணவுப் பயிர் செய்வோர் இதனை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

கிழங்கை இனங்காணல்

இதன் கிழங்கு இரு கவராகப் பிரிந்து கலப்பை போன்றிருக்கும். கலப்பைக் கிழங்கு என்னும் பெயர் இதனால் வந்தது. ஆயினும் மண்வெட்டி பட்டு உடைந்த துண்டு, வற்றாளங்கிழங்கின் துண்டையோ வள்ளிக் கிழங்கின் துண்டையோ ஒத்துத் தோன்றும். இலையைக் கொண்டு வேறுபாட்டை எளிதில் அறியலாம். கார்த்திகைக் கொடியின் இலை நீண்டு ஒடுங்கி, நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக முடியும். இராசவள்ளியின் இலை இதய வடிவானது. அதன் தண்டே சுற்றிப் படரும்.

கோடையில் கொடி காய்ந்து மறைய, கிழங்கு மட்டும் மண்ணுள் எஞ்சும். அப்பொழுது இலையைப் பார்த்து அறிய இயலாது. தவறு நிகழ்வதும் அப்பொழுதே. ஆதலால், கொடி பூத்திருக்கும்போதே தோட்டத்தினுள் அது நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, கிழங்கை முழுமையாக அகழ்ந்து அகற்றுக. அகழ்ந்த கிழங்கைச் சிறுவரும் ஆடுமாடுகளும் அணுகும் இடத்தில் எறிதல் ஆகாது. தானே முளைத்த கிழங்கு எதனையும் ஐயமறத் தெரிந்தாலன்றி அடுக்களைக்கு எடுத்துச் செல்லற்க.

நஞ்சின் தன்மை

இச்செடியின் எல்லா உறுப்புகளிலும் கொல்சிசீன் என்னும் நஞ்சு உண்டு. உண்டவர்க்குச் சில மணி நேரத்தின் பின்னரே வாய் எரிவு, வாந்தி, வயிற்றோட்டம் என்பன தோன்றும். உடல் நீரிழந்து சோரும். அடுத்து வரும் நாட்களில் இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்க்கும் ஓரிரு வாரங்களில் தலைமயிர் உதிர்வதுண்டு. குறி தோன்றவில்லையே எனக் காத்திராது, உண்டது தெரிந்தவுடன் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். உண்ட கிழங்கின் எஞ்சிய துண்டையும் உடன் கொண்டு செல்க. கைமருந்து செய்து காலத்தைப் போக்குதல் கேடாகும்.

பயன்கள்

இதே கொல்சிசீன், வைத்தியர் அளந்து கொடுக்குமிடத்துக் கீல்வாதத்துக்கு மருந்தாகின்றது. பயிர்விருத்தியிலும் இதற்கு இடமுண்டு. செடியின் நிறமூர்த்தங்களை இது இரட்டிப்பாக்கும் என்பது 1937இல் வெளியிடப்பட்டது. இவ்வாறு இரட்டித்த வத்தகைச் செடியைச் சாதாரண வத்தகையுடன் கலந்தே வித்தில்லா வத்தகைப்பழம் பெறப்பட்டது.

தமிழ்நாட்டில் பயிரிடும் முறை

தமிழ்நாட்டிலே கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களிலும் வேதாரணியப் பகுதியிலும் வித்துக்காக இதனைப் பயிராகவே செய்கின்றனர். நீர் வடியும் செம்மணல் கலந்த நிலம் ஏற்றது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். வித்திலிருந்து வளரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் செல்லுமாதலின் கிழங்கையே நடுவர். 50 முதல் 60 கிராம் வரை நிறையுள்ள கிழங்குகளைத் தெரிந்து, ஆனி, ஆடி மாதங்களில் 60 சதமமீற்றர் இடைவெளியுள்ள வரிசைகளில் 45 சதமமீற்றருக்கு ஒன்றாக நடுவர். முளை கவரின் நுனியில் இருப்பதால், நுனி முறிந்த கிழங்கு பயன்படாது. கொடி ஏறுதற்குக் கிளுவை போன்ற முட்செடிகளையோ கம்பிப் பந்தலையோ அமைப்பர்.

பூவின் சூல்தண்டு செங்கோணமாக வளைந்து மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், இயற்கையில் காய் பிடித்தல் குறைவு. எனவே காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையே ஒவ்வொரு பூவாகக் கையினால் மகரந்தம் சேர்ப்பர். நட்டு 160 முதல் 180 நாட்களில் காய்களைப் பறித்து நிழலில் உலர்த்தி வித்தெடுப்பர். ஒரு எக்டேயரில் ஏறத்தாழ 200 முதல் 250 கிலோகிராம் வரை வித்துக் கிடைக்கும். வேலை மிகுந்த பயிர் இதுவென்பது இதனால் விளங்கும்.

அழகுக்காக ஓரிரு கொடி வளர்க்க விரும்புவோர், மரக்கறித் தோட்டத்தினுள் நடாது, சிறுவர் கைக்கெட்டாத தனியிடத்தில் நடுதல் வேண்டும். கிழங்கையோ வித்தையோ தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. வீட்டிலுள்ள சிறுவர்க்கு, கொடி பூத்திருக்கும் காலத்திலேயே, பூவையும் இலையையும் கிழங்கையும் காட்டி, இவை உண்ணத் தகாதவை எனக் கற்பித்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும்.