இணைக் கிளிகளுக்கு ஏற்ற கூண்டு

மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்ட் முதலிய மறுவாழ்வுக் குடியிருப்புகளில் ஒரு வீட்டின் பரப்பு பெரும்பாலும் 225 சதுர அடி. சமையல், உறக்கம், பிள்ளைகளின் படிப்பு, விருந்தினர் வரவேற்பு ஆகிய அனைத்தும் அந்த ஓர் அறைக்குள்ளேயே நடைபெற வேண்டும். அத்தகைய வீட்டிலும் சன்னலோரத்தில் இரு கிளிகளின் குரல் கேட்க வேண்டும் என்று விரும்பும் குடும்பங்கள் பல. இடம் சிறிது என்பதால், கடைக்குச் செல்வோர் முதலில் கேட்பது சுவரில் மாட்டத்தக்க சிறிய கூண்டையே. பறவையை அதன் பின்னரே தேர்ந்தெடுக்கின்றனர். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் எந்தப் பறவை, அடுத்து அதற்கு எத்தனை அடி இடம், அதன் பிறகே எந்தக் கூண்டு என்று முடிவு செய்தால் பணமும் வீணாகாது. இரண்டு உயிர்களும் துன்புறா.

எந்தக் கிளி?

கிளி என்றதும் நம் நினைவுக்கு வருவது கழுத்தில் சிவப்பு வளையம் பூண்ட பச்சைக்கிளி. மும்பையில் இதனைப் போபட் என்றும் மிட்டு என்றும் அழைப்பர். இப்பறவையையும், இதனினும் பெரிய, தோளில் சிவப்புத் திட்டுடைய மலைக்கிளியையும் வீட்டில் வளர்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இந்தியக் காடுகளுக்குரிய கிளியினங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இச்சட்டத்தின் பொதுவான மீறல்களுக்குரிய அபராதத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 1 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. தெருவில் கூவி விற்பவரிடம் வாங்கினோம், உறவினர் பரிசாகத் தந்தார் என்பன போன்ற காரணங்கள் பறவையைச் சட்டப்படியான உடைமையாக்கிவிடா.

அவ்வாறாயின் எவற்றை வளர்க்கலாம்? வெளிநாட்டினங்களில் மூன்று, சிறிய வீடுகளுக்கு ஏற்றவை. முதலாவது, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர். நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் மஞ்சள், நீலம், பச்சை நிறக் குருவிகள் பெரும்பாலும் இவையே. இரண்டாவது, தலையில் கொண்டையுடைய காக்கட்டீல். இதுவும் ஆஸ்திரேலியப் பறவையே. மூன்றாவது, முகம் இளஞ்சிவப்பாக உள்ள ஆப்பிரிக்க லவ்பேர்ட். இம்மூன்றும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய 'சைட்டஸ்' பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெறாதவை. சன் கான்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, வேறு சில லவ்பேர்ட் வகைகள் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. அவற்றை வைத்திருப்போர், 2024-இல் வெளியான விதிகளின்படி, நடுவண் அரசின் 'பரிவேஷ் 2.0' இணையதளம் வழியாகப் பதிவு செய்தல் கட்டாயம். எனவே விலையைக் கேட்பதற்கு முன் இனத்தின் சரியான பெயரைக் கேட்டறிந்து, அதனை ரசீதில் எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நீளமே முதன்மை

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டிலேயே இதுபற்றிப் பேசியுள்ளது. ஓர் உயிர் இயல்பாக அசைய இயலாத அளவுக்கு உயரத்திலோ நீளத்திலோ அகலத்திலோ குறைந்த கூண்டில் அதனை அடைத்துவைப்பது வதை என்று அதன் 11-ஆம் பிரிவு கூறுகிறது. பறவைகளுக்குப் பறக்கும் உரிமை உண்டு. அவற்றைச் சிறு கூண்டுகளில் அடைத்துவைக்க எவருக்கும் உரிமையில்லை என்னும் கருத்தை டெல்லி உயர்நீதிமன்றம் 2015-இல் வெளியிட்டது. சட்டத்தின் இந்தப் பார்வையை மனத்திற்கொண்டே கூண்டின் அளவைக் காண வேண்டும்.

கடைகளில் உயரமான, கோபுர வடிவக் கூண்டுகள் கண்ணைக் கவரும். ஆனால் கிளி நேர்மேலே எழும்பிப் பறப்பதில்லை. ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்குக் கிடைமட்டமாகவே பறக்கிறது. ஆகவே உயரத்தைவிட நீளமே அதற்குப் பயன் தருவது. ஓர் இணை பட்ஜெரிகருக்கு நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி என்பதைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். நீளம் 3 அடியானால் சிறகடித்துச் செல்ல இடம் கிடைக்கும். லவ்பேர்ட் இணைக்கு 3 அடிக்குக் குறையலாகாது. வால் நீண்ட காக்கட்டீல் இணைக்கு 3 அடி நீளத்துடன் 2 அடி அகலமும் வேண்டும்.

225 சதுர அடி வீட்டில் இதற்கு இடம் ஏது என்ற ஐயம் எழலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட கூண்டு அடைப்பது நாலரை சதுர அடி. அஃதாவது, வீட்டின் பரப்பில் ஐம்பதில் ஒரு பங்கு. கூண்டைத் தாழ்வான அலமாரியின் மேலோ, அடியில் பொருள்கள் வைக்கத்தக்க தாங்கியின் மேலோ அமர்த்தினால் அந்தப் பங்கும் முழுதாக இழப்பாகாது. வாங்குவதற்கு முன், அந்த அளவைத் தரையில் சாக்பீசால் வரைந்து, ஒரு வாரம் அதனைச் சுற்றி நடமாடிப் பார்க்கலாம். அவ்விடத்தைக் குடும்பம் மனமுவந்து விட்டுத்தரும் என்று உறுதியான பிறகு வாங்குவதே முறை.

வட்டக் கூண்டைத் தவிர்ப்பது நல்லது. அதில் அச்சமுற்ற பறவை ஒதுங்கி நிற்க மூலை இல்லை. மேலும், கம்பிகள் உச்சியில் நெருங்கிச் சேருமிடத்தில் விரல் சிக்கிக்கொள்ளும் வாய்ப்புண்டு.

கம்பியும் பூச்சும்

கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி, பறவையின் தலை நுழையாத அளவினதாக இருக்க வேண்டும். பட்ஜெரிகருக்கும் லவ்பேர்டுக்கும் அரை அங்குலத்தை, அஃதாவது 12 மில்லிமீட்டரை மிகாதிருத்தல் நலம். காக்கட்டீலுக்குச் சற்றே கூடுதல் இடைவெளி தாழ்வில்லை. இரு பக்கங்களிலேனும் கம்பிகள் கிடைமட்டமாக அமைந்திருந்தால், அலகால் பற்றி ஏறும் இயல்புடைய கிளிக்கு உதவியாக இருக்கும்.

கிளிகள் கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பவை. ஆதலால் பூச்சு மிக முக்கியம். மலிவான ஜி.ஐ. வலையில் உள்ள துத்தநாகமும், பழைய வண்ணப்பூச்சில் இருக்கக்கூடிய ஈயமும் வயிற்றுக்குள் சென்றால் நஞ்சாகும். துருப்பிடிக்காத எஃகுக் கூண்டு விலை மிகுந்தது. எனினும் நெடுநாள் நிலைக்கும். தரமான பவுடர் கோட்டிங் செய்த கூண்டு அடுத்த தெரிவு. விரல் நகத்தால் சுரண்டும்போது பூச்சு உரிந்து வருமானால் அந்தக் கூண்டு வேண்டா. கடற்காற்றின் ஈரமும் நான்கு மாத மழையும் உள்ள மும்பையில் மட்டமான கம்பி விரைவில் துருவேறிவிடும் என்பதையும் மறக்கலாகாது.

கதவு, கை தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரியதாகவும், பறவை அலகால் தூக்கித் திறக்க இயலாத கொக்கி உடையதாகவும் இருக்க வேண்டும். அடித்தட்டு இழுத்தெடுக்கத்தக்கதாகவும், அதன் மேல் ஒரு கம்பித்தளம் உள்ளதாகவும் இருந்தால், எச்சத்தின் மீது பறவை நடக்காது. தட்டில் நாளிதழைப் பரப்பி நாள்தோறும் மாற்றலாம். கிளிகளிடமிருந்து மனிதருக்குப் பரவக்கூடிய சிட்டகோசிஸ் என்னும் நோய், உலர்ந்த எச்சத்தின் தூசி வழியாகவும் தொற்றும். ஓர் அறை வீட்டில் இத்தூய்மை குடும்பத்தாரின் உடல்நலத்துக்கும் இன்றியமையாதது.

கூண்டின் உள்ளே

கூண்டுடன் தரப்படும் வழவழப்பான, ஒரே பருமனுள்ள குச்சிகளில் நாள் முழுதும் நின்றால் கிளியின் பாதத்தில் புண் உண்டாகும். மருந்து தெளிக்கப்படாத கொய்யா அல்லது வேம்பின் கிளைகளை நன்கு கழுவி, காயவைத்து, வெவ்வேறு பருமனில் பொருத்தலாம். தீனிக்கும் நீருக்கும் நேர் மேலே கொம்பு வைக்கலாகாது. எச்சம் அவற்றில் விழும். நடுவில் பொருள்களை நெருக்கி வைத்தால், பணம் கொடுத்து வாங்கிய நீளம் பயனற்றுப்போகும்.

பல கடைகளில் ஆணும் பெண்ணுமாக இணையைத் தந்து, ஒரு மண்கலயத்தையும் உடன் தருவர். கலயம் இருந்தால் முட்டையிடும் தூண்டுதல் ஏற்படும். இரண்டு பறவைகள் சில மாதங்களில் ஏழு, எட்டாகப் பெருகினால் நாம் தேர்ந்த கூண்டு போதாது. தொடர்ந்து முட்டையிடும் பெண்பறவையும் நலிவுறும். குஞ்சுகளை வளர்க்கும் எண்ணமில்லாதோர் கலயத்தை வாங்காதிருப்பதே நன்று. சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கம்பியில் கட்டிவைக்கலாம்.

வைக்கும் இடம்

சிறிய வீட்டில் பறவைக்குப் பெரிய ஆபத்து சமையலடுப்பின் பக்கத்திலிருந்து வருகிறது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுமீறிச் சூடேறும்போது வெளிப்படும் புகை, மனிதருக்குப் புலப்படும் முன்னரே பறவையைக் கொன்றுவிடக்கூடும். கிளி வளர்க்கும் ஓர் அறை வீட்டில் இரும்பு அல்லது எஃகுப் பாத்திரங்களே பாதுகாப்பானவை. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, நாப்தலீன் உருண்டை ஆகியவற்றையும் விலக்க வேண்டும்.

கூண்டின் ஒரு பக்கமேனும் சுவரையொட்டி இருந்தால் பறவைகள் அமைதியுறும். காலை வெயில் சிறிது நேரம் படலாம். நண்பகல் வெயில் நேரே படும் சன்னலும், சாரல் அடிக்கும் சன்னலும் ஆகா. சன்னலுக்கு வெளியே உள்ள கிரில்லில் தொங்கவிட்டால் காகமும் பூனையும் எலியும் அஞ்சவைக்கும். இரவில் 10 முதல் 12 மணி நேர உறக்கம் கிளிகளுக்குத் தேவை. தொலைக்காட்சி இரவு நெடுநேரம் ஓடும் வீட்டில், காற்றோட்டம் தடைபடாதவாறு மெல்லிய பருத்தித் துணியால் கூண்டின் மூன்று பக்கங்களை மூடிவைக்கலாம்.

எத்துணை நல்ல கூண்டாயினும் அது நாள் முழுவதற்கும் போதாது. மின்விசிறியை நிறுத்தி, அடுப்பை அணைத்து, சன்னல்களை அடைத்த பின், நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் பறவைகளை அறைக்குள் பறக்கவிட வேண்டும்.

செலவும் பொறுப்பும்

கூண்டு ஒருமுறைச் செலவு. தினையும் கீரையும் பழமும் மாதந்தோறும் வரும் செலவு. மருத்துவம் எதிர்பாராமல் வரும் செலவு. அதற்கெனச் சிறு தொகையை ஒதுக்கி வைப்பது நலம். பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை பறவைகளுக்கும் சிகிச்சையளிக்கிறது. பட்ஜெரிகர் 5 முதல் 10 ஆண்டுகளும், காக்கட்டீல் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஒரு வீட்டுக்கடனின் காலத்துக்கு ஒப்பான பொறுப்பு இது.

ஹார்பர் பாதையில் சி.எஸ்.எம்.டி. வரை சென்றால் கிராஃபோர்டு சந்தை நடை தொலைவில் உள்ளது. பறவைக் கடைகளுக்கு அது பெயர் பெற்றது. எங்கு வாங்கினும், செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி கடை பதிவு பெற்றுள்ளதா என்று கேட்க வேண்டும். இணையத்தில் படம் காட்டி முன்பணம் கோருவோரிடம் எச்சரிக்கை தேவை. பறவையையும் கூண்டையும் நேரில் கண்ட பிறகே பணம் செலுத்துக. பணம் பெறுவதற்கு யூபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே பச்சைக்கிளி இருந்தால் அதனைத் திடீரெனப் பறக்கவிடலாகாது. சிறகு வெட்டப்பட்டதும், இரைதேடிப் பழகாததுமான பறவை வெளியே பிழைப்பது அரிது. மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற உதவி எண்ணில் தெரிவித்து ஒப்படைப்பதே தக்க வழி.

மூன்றடி இடமும், நாளுக்கு ஒரு மணி நேரமும், பத்தாண்டுப் பொறுப்பும் தர இயலுமாயின் கூண்டு வாங்கலாம். இம்மூன்றில் ஒன்று குறையினும் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. அதுவரை, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மரங்கள் மிகுந்த பூங்காவுக்கு மாலையில் அழைத்துச் செல்லுங்கள். கூடடையத் திரும்பும் பச்சைக்கிளிகளை எவ்விதச் செலவுமின்றி, சட்டத் தடையுமின்றி அவர்கள் கண்டு மகிழலாம்.