வகுப்புப் பதிவில் குரல் இருக்கிறது, படம் இல்லையா? மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் பாருங்கள்

சிரம்பான் – எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் ஆகிய பாடங்களை எடுக்கும் மாணவர்களில் பலருக்குத் தங்கள் இடைநிலைப்பள்ளியில் அவற்றுக்கென வகுப்பு இருப்பதில்லை. தன்னார்வ ஆசிரியர்கள் இரவில் இயங்கலையில் நடத்தும் வகுப்புகளே அவர்களுக்குத் துணை. ரந்தாவ், லிங்கி, பகாவ் போன்ற வட்டாரங்களில் செம்பனைக்கு நடுவே இருக்கும் வீடுகளில் லைன் விட்டு விட்டு வந்தால், பாதிப் பாடம் போய்விடும். மறுநாள் பதிவைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை விட்டதைப் பிடிக்க வேண்டும்.

அந்தப் பதிவில் ஆசிரியரின் குரல் மட்டும் கேட்டு, படம் முழுவதும் கறுப்பாக இருந்தால் ஒரு மணி நேர உழைப்பு வீணாகிவிடும். உடனே மடிக்கணினி கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கணினியில் இல்லை. பதிவு செய்யும் மென்பொருள் படத்தை எடுக்கும் முறையில்தான் சிக்கல் இருக்கும். காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

முழுத் திரையா, ஒரு சாளரமா?

கூகுள் மீட் இலவசக் கணக்கில் வகுப்பைப் பதிவு செய்ய முடியாது. ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைப் பலர் பயன்படுத்துகின்றனர். அதில் ‘டிஸ்ப்ளே கேப்சர்’ முழுத் திரையையும் எடுக்கும். ‘விண்டோ கேப்சர்’ நாம் தேர்ந்தெடுக்கும் ஒரு சாளரத்தை மட்டும் எடுக்கும்.

முழுத் திரையை எடுத்தால் இடையில் வரும் புலனச் செய்தியும் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களும் பதிவில் சேர்ந்துவிடும். பாடம் இருக்கும் சாளரத்தை மட்டும் எடுப்பதே பாதுகாப்பானது. ஆனால் கறுப்புத் திரைச் சிக்கல் அதிகம் வருவதும் இந்த முறையில்தான்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

குரோம், எட்ஜ் போன்ற உலாவிகள் தங்கள் பக்கங்களை வரைகலைச் சில்லின் உதவியோடு வரைகின்றன. ‘பிட்பிளிட்’ எனப்படும் பழைய பிடிப்பு முறைக்கு அந்தப் படம் எட்டுவதில்லை. வெறும் கறுப்புதான் கிடைக்கும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903ஆம் பதிப்பு முதல், சாளரப் படத்தை விண்டோஸே நேரடியாகக் கொடுக்கும் புதிய வழி பயன்பாட்டில் உள்ளது. 2020 மார்ச்சில் வெளிவந்த ஓ.பி.எஸ். 25 அதை ஏற்றுக்கொண்டது.

எனவே முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஓ.பி.எஸ்.இல் ‘சோர்சஸ்’ பட்டியலில் உள்ள விண்டோ கேப்சரை இருமுறை சொடுக்கவும். ‘கேப்சர் மெத்தட்’ என்ற இடத்தில் ‘விண்டோஸ் 10 (1903 அண்ட் அப்)’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 11 கணினிக்கும் இதே தேர்வுதான். விண்டோஸ் 10இல் அந்தச் சாளரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு தெரியலாம். அது பதிவில் வராது.

கணினி அதைவிடப் பழைய பதிப்பில் இருந்தால், குரோம் அமைப்பில் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போய் வரைகலை முடுக்கத்தை நிறுத்திவிட்டு, உலாவியை மூடித் திறக்கவும்.

வகுப்பின் பாதியில் படம் நின்றால்

தொடக்கத்தில் சரியாக இருந்து, பிறகு படம் உறைந்து போவதும் உண்டு. இதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும்.

ஒன்று, சாளரத்தைக் கீழே சுருக்கி வைப்பது. சுருக்கிய சாளரம் புதிய படம் எதையும் வரையாது. பதிவுக்கும் எதுவும் கிடைக்காது. வேறு வேலை இருந்தால் சுருக்காமல், அதன் மேல் இன்னொரு சாளரத்தைத் திறந்து வைக்கலாம். ஆனால் அதை முழுவதுமாக மறைத்துவிட வேண்டாம். முழுதும் மறைந்த சாளரத்தைக் குரோம் போன்ற உலாவிகள் வரையாமல் நிறுத்திவிடக்கூடும்.

மற்றொன்று, பவர்பாயிண்ட். படக்காட்சியைத் தொடங்கியதும் அது தனிச் சாளரமாகத் திறக்கும். ஓ.பி.எஸ். பழைய தொகுப்புச் சாளரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் பத்தாவது பக்கத்துக்குப் போயிருந்தாலும் பதிவில் அது ஒழுங்காகத் தெரியாது. படக்காட்சியைத் தொடங்கிய பிறகு, அந்தப் புதிய சாளரத்தை ஓ.பி.எஸ்.இல் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குரோமில் இரண்டு சாளரங்கள் திறந்திருந்தால் ஓ.பி.எஸ். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பிடித்துவிடவும் கூடும். வகுப்பு நேரத்தில் ஒரே குரோம் சாளரம் மட்டும் திறந்திருப்பது நல்லது.

இன்னும் சில

முழுத் திரையை எடுக்கும்போது மட்டும் கறுப்பு வந்தால், மடிக்கணினியில் இரண்டு வரைகலைச் சில்லுகள் இருக்கிறதா என்று பார்க்கவும். திரை ஒன்றிலும் ஓ.பி.எஸ். மற்றொன்றிலும் இயங்கினால் படம் கிடைக்காமல் போகலாம். விண்டோஸ் அமைப்பில் ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘கிராஃபிக்ஸ்’ என்று போய், ஓ.பி.எஸ்.க்கு மின்சேமிப்புத் தேர்வைக் கொடுத்துப் பார்க்கலாம்.

மேக் கணினியில் 2019இன் கேட்டலினா பதிப்பு முதல் திரைப்பதிவுக்குத் தனி அனுமதி தேவை. தனியுரிமை அமைப்பில் ஓ.பி.எஸ்.க்கு அனுமதி கொடுத்து, அதை மூடித் திறக்க வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களின் படங்கள் கறுப்பாகப் பதிவாவது கோளாறு அல்ல. உரிமை காப்பதற்காக அவை வேண்டுமென்றே அப்படி அமைக்கப்பட்டுள்ளன. அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அரை நிமிடச் சோதனை

ஓ.பி.எஸ். திரையின் நடுவில் தெரியும் காட்சிதான் பதிவில் வரும். அங்கே கறுப்பாக இருந்தால் பதிவிலும் கறுப்புதான். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே அதைப் பார்த்துவிடலாம்.

பார்ப்பதோடு நிற்காமல் அரை நிமிடம் பதிவு செய்தும் சோதிக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் வகுப்பில் செய்யப்போவதை எல்லாம் செய்து பார்க்கவும்: படக்காட்சியைத் தொடங்கி, இரண்டு பக்கம் நகர்த்தி, நாலு வார்த்தை பேசவும். பிறகு பதிவைத் திறந்து படமும் குரலும் இருப்பதை உறுதி செய்யவும். ஆசிரியருக்கு இது அரை நிமிட வேலை. லைன் இல்லாமல் வகுப்பைத் தவறவிட்ட மாணவருக்கோ, அந்த வாரப் பாடமே இந்தப் பதிவில்தான் இருக்கிறது.