வேளாண் பட்டம் இருக்கு, காணி எங்கே?

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1929-இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1916-இல், சுவாமி சகஜானந்தர் அதே ஊரில் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் திறந்துவிட்டார். கல்லூரி வாசலை மிதிக்க, முதலில் 'அ' எழுத ஓர் இடம் வேண்டுமே.

பல்கலைக்கழகம் வந்தால் சுற்று வட்டாரம் செழிக்கும் என்பார்கள். பொய்யில்லை. மெஸ், ஜெராக்ஸ் கடை, ஆட்டோ, வாடகை வீடு என்று மாணவர் காசு ஊருக்குள்தான் சுற்றுகிறது. ஆனால் வாடகை வாங்க வீடு வேண்டும். கடை போட ரோட்டோரம் இடம் வேண்டும். சேரிக்கு வருவது பெரும்பாலும் சமையல், துப்புரவுக் கூலிதான்.

சரி, படித்தவர்கள் நிலை என்ன? இங்கு வேளாண் புலம் பேர்போனது. நெல், கரும்பு, முந்திரி விளையும் மாவட்டம். இருந்தும் வேளாண்மை படித்த நம் பிள்ளை, உரக் கம்பெனியின் விற்பனையாளராக பைக்கில் அலைகிறான். அடுத்தவர் வயலுக்கு யோசனை சொல்கிறான். தான் படித்ததைச் செய்துபார்க்க அரைக்காணி இல்லை. 1892-இல் வெள்ளையர் அரசு ஆணையிட்டு நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதையை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாததால் வங்கியில் ஜாமீனும் இல்லை. கடைசியில் சென்னைக்கோ திருப்பூருக்கோ பஸ். ஊரில் விளைந்த படிப்பு வேறு ஊருக்கு உரமாகிறது.

நிலப் போராட்டம் ஒருபக்கம் நடக்கட்டும். நிலமில்லாமலே தொடங்கக்கூடிய தொழில்களும் உண்டு: மண் பரிசோதனை, நாற்றங்கால், இயந்திர வாடகை, முந்திரி உடைப்பு. வேளாண் பட்டதாரிகளுக்காக மத்திய அரசு 2002-இல் தொடங்கிய அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு; பட்டியலினத்தவருக்கு 44 சதவீத மானியம். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மூலதன மானியமும், 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. பட்டம்கூடக் கட்டாயமில்லை.

விற்க இடமா? பக்கத்திலேயே நெய்வேலி என்.எல்.சி. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுக் கொள்கை. விற்க நம்மிடம் கம்பெனி வேண்டும், அவ்வளவுதான்.

பலர் தடுக்கி நிற்பது திட்ட அறிக்கையில். இறுதியாண்டு மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக எழுதும் புராஜெக்டை, சொந்த ஊரில் தொடங்கக்கூடிய ஒரு தொழிலைப் பற்றியே எழுதலாமே! பேராசிரியர் திருத்தித் தருவார். அதையே சாதிச் சான்றிதழ், கொட்டேஷனுடன் சேர்த்து, கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்குக் கொண்டுபோகலாம்.