வைக்கோலும் ஆலைக் கழிவும் எருவாகும் முறை

நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே பஞ்சாப், ஹரியானா விவசாயிகளுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு அல்லது மூன்று வாரங்களே. இக்காரணத்தால் பலர் வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைத்துவிடுகின்றனர். ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறக்குறைய 400 கிலோகிராம் கரிமமும், 5.5 கிலோகிராம் தழைச்சத்தும் அடங்கியுள்ளன. தீயிலிட்டால் இவற்றில் பெரும்பகுதி புகையாய்ப் போய்விடுகிறது. ஊரார் சுவாசிக்கும் காற்றும் கெடுகிறது.

வைக்கோலை அப்படியே மண்ணில் புதைத்தாலோ வேறொரு தொல்லை நேருகிறது. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் உள்ளது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே கவர்ந்துகொள்கின்றன. அதனால் இளம் பயிர் சில காலம் மஞ்சளித்து நிற்கிறது. கரிமம் 30 பங்கு அளவில் இருப்பின் மட்குதல் செவ்வனே நடைபெறும். எனவே, தழைச்சத்து மிகுந்த பொருளொன்றை வைக்கோலுடன் சேர்ப்பது அவசியமாகிறது.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே ஆல்பர்ட் ஹோவார்டும் யஷ்வந்த் வாடும் இந்தூர் முறையை வகுத்து, 1931-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். பயிர்க் கழிவுகளுடன் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அவர்கள் சேர்த்தனர். ஆனால் இன்று உழவு மாடுகள் குறைந்துவிட்டன. இருக்கும் சாணத்திலும் ஒரு பகுதி வறட்டியாகி அடுப்புக்குச் செல்கிறது. இக்குறையை ஆலைகளும் பண்ணைகளும் ஓரளவு நிறைவு செய்ய இயலும். சர்க்கரை ஆலையில் சாற்றைத் தெளியவைக்கும்போது மிஞ்சும் பிரஸ்மட் என்னும் கசடும், கோழிப்பண்ணை எருவும் இதற்கு ஏற்றவை.

குவியல் அமைக்கும் முறை எளிதே. மேடான, நிழலுள்ள இடத்தில், நறுக்கிய வைக்கோலை ஒரு சாண் உயரம் பரப்புக. அதன்மேல் சாணக் கரைசலும் கசடும் இட்டு, பழைய மட்கு எருவைச் சிறிது தூவுக. இவ்வாறு ஒன்றரை மீட்டர் உயரம்வரை அடுக்குக. கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், நீர் சொட்டலாகாது. சில நாட்களில் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழியும். 15, 30, 60-ஆம் நாட்களில் கிளறி, வேண்டிய நீர் தெளித்துவரின் மூன்று, நான்கு மாதங்களில் எரு பக்குவமாகும். காரமான அம்மோனியா நெடி வீசுமாயின் தழைச்சத்து வீணாகிறது என்று அறிந்து, மேலும் வைக்கோல் சேர்க்கவேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆலைக் கழிவு அனைத்தும் எருவுக்கு உகந்ததன்று. குரோமியம் கலந்த தோல் பதனிடும் கழிவு, சாயக் கழிவு ஆகியவற்றை அறவே விலக்கவேண்டும். உலோக நஞ்சு மட்குவதால் மறைவதில்லை. மூலம் அறியாத கழிவைச் சோதனைச்சாலையில் ஆராயாமல் ஏற்கலாகாது.

வயலில் மிஞ்சும் வைக்கோல் முழுவதையும் இம்முறையால் அகற்றிவிடலாம் என்று சொல்வதற்கில்லை. ஏற்றிச் செல்ல ஆளும் வண்டியும் வேண்டும். ஆயினும் வயலோரத்தில் ஒரு குவியலேனும் அமையுமாயின், அந்த அளவு வைக்கோல் தீக்குத் தப்பும். விரிவாக்கப் பணியாளர்கள் ஊருக்கு ஒரு குவியலை நேரில் அமைத்துக் காட்டலாம். ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் ஒன்றை அமைத்து, அதன் வெப்பத்தை மாணவர்களைக்கொண்டு நாள்தோறும் குறிக்கச் செய்யலாம். கண்ணால் கண்டதை விவசாயி எளிதில் ஏற்பார்.