பெரியம்மா சொன்னதும் தொட்டி சொல்வதும்

மாடியில் ஆறு தொட்டிகளை வாங்கி வைத்த அன்றே எனக்கு ஆலோசகர்கள் கிடைத்துவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடச் சொன்னார். காய்கறி வண்டிக்காரர் காபித் திப்பிக்குச் சிபாரிசு செய்தார். “உச்சி வெயில்ல தண்ணி ஊத்தாதீங்க சார், இலை வெந்துடும்” என்றார் காவலாளி. ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மட்டும் நேராகத் தொட்டியின் அடியைத்தான் பார்த்தார். “ஓட்டுச்சில்லு போட்டியாடா? போடாம மண்ணக் கொட்டுனா வேர் அழுகிப்போயிடும்.”

யாரும் சும்மா சொல்லவில்லை. அவரவர் வீட்டுச் செடி அப்படிச் செய்துதான் தழைத்திருக்கிறது. ஆனால் அது செய்ததால் தழைத்ததா, செய்தும் தழைத்ததா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மண் இயற்பியலாளர்களும் தாவரவியலாளர்களும் தோட்டக் குறிப்புகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில குறிப்புகள் தோற்றன. சில ஜெயித்தன. இன்னும் சில, சரியான வேலையைத் தவறான காரணத்துக்காகச் செய்யச் சொல்பவை.

சில்லுக்கு மேலே நிற்கும் தண்ணீர்

பெரியம்மாவின் சில்லிலிருந்தே தொடங்குவோம். அடியில் ஓட்டுச்சில்லோ ஜல்லியோ ஓர் அடுக்குப் போட்டால் பெரிய பெரிய இடைவெளிகள் கிடைக்கும். தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரைப் புவியீர்ப்பு மட்டும் இழுப்பதில்லை. மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய துளைகளும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை மேலே ஏற்றுகிறதே, அதே விசைதான். சிறிய துளையின் பிடி பெரிது. பெரிய துளையின் பிடி சிறிது. அதனால் மண்ணிலிருக்கும் தண்ணீர், கீழே உள்ள ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்குவதில்லை. ஜல்லியைத் தொடும் மண் முழுக்க நனைந்து ஊறிய பிறகுதான் சொட்டத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்ட்னர் 1950களின் இறுதியில் இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார். கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டியில் மண்ணுக்கு அடியில் மணலை அடுக்கி, தண்ணீர் இறங்கும் விதத்தைப் பதிவு செய்தார். மணல் அடுக்கை அடைந்ததும் தண்ணீர் தயங்கி நின்றது.

எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் சில அங்குல உயரத்துக்கு மண் சொதசொதவென்றுதான் இருக்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்கலவையின் தன்மை. கீழே சில்லு அடுக்கினால் அந்த ஈர அடுக்கு மறைந்துவிடாது. சில்லின் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதாவது, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். வேர் அழுகலைத் தடுக்கப் போட்ட சில்லு அழுகலுக்கு இடம் கொடுக்கிறது.

நம்ப முடியவில்லையா? பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். ஸ்பாஞ்சும் அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் மட்டும்தான் மாறியது. வடிகாலுக்கு வேண்டியது உயரமான தொட்டியும், தென்னை நார்க்கழிவு கலந்த பொலபொலப்பான மண்ணும், அடைபடாத துளைகளும்தான். மண் வெளியே கொட்டாமல் இருக்கத் துளையின் மேல் ஒரே ஒரு சில்லைக் கவிழ்த்து வைப்பதில் தவறில்லை. அடுக்கத்தான் வேண்டாம்.

இலையின் மேல் பூதக்கண்ணாடி

காவலாளியின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஓர் இயற்பியல் கதை உண்டு. இலை மேல் நிற்கும் நீர்த்துளி பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது அந்தக் கதை. ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஆடம் எக்ரி, காபோர் ஹோர்வாத் உள்ளிட்ட குழுவினர் இதைச் சோதித்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

மேப்பிள் இலைகளில் கண்ணாடி மணிகளை வைத்து வெயிலில் காட்டினார்கள். இலை கருகியது. அதே போன்ற வழவழப்பான இலைகளில் நீர்த்துளிகளை வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி மணி உருண்டை. நீர்த்துளியோ இலையோடு ஒட்டிப் படர்ந்து தட்டையாகிவிடுகிறது. அதனால் ஒளி குவியும் இடம் இலைக்கு வெகு கீழே போய்விடுகிறது. போதாக்குறைக்குத் தண்ணீரே இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது.

ஆனால் ஒரு விதிவிலக்கு அகப்பட்டது. சால்வினியா என்ற மிதக்கும் நீர்ப்பெரணியின் இலையில் மெழுகு பூசிய ரோமங்கள் உண்டு. அவை துளியை உருண்டையாகவே தூக்கிப் பிடித்துக்கொள்கின்றன. துளிக்கும் இலைக்கும் இடையே இடைவெளி கிடைத்ததும் ஒளி சரியாக இலைமேல் குவிந்தது; இலை கருகியது.

ஆக, வழவழப்பான இலையுள்ள செடிக்கு நடுப்பகல் தண்ணீரால் தீக்காயம் வராது. வாடி நிற்கும் செடிக்கு மாலைவரை காத்திருக்காமல் உடனே ஊற்றலாம். இருந்தாலும் காலையில் ஊற்றுவதே நல்ல வழக்கம். வெயில் ஏறும் முன் ஊற்றினால் ஆவியாகி வீணாவது குறைவு. இன்னொன்று: மாடியில் வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பிலிருந்து முதலில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். செடி வெந்தால் அதற்குத் துளி காரணமல்ல, பைப்தான்.

முட்டை ஓடும் புளித்த மோரும்

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்து, தோல்போலக் காய்ந்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘கால்சியம் பற்றாக்குறை, முட்டை ஓடு போடு’ என்பது உடனடித் தீர்ப்பு. பாதி சரி. அந்த இடத்தில் கால்சியம் குறைவுதான். ஆனால் மண்ணிலும் குறைவு என்று அதற்கு அர்த்தமில்லை.

கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்துதான் பயணம் செய்யும். இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் அதிலே பெரும்பங்கு இலைக்குப் போய்விடுகிறது. காய் அப்படி வெளியேற்றுவது சொற்பம், வரத்தும் சொற்பம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்தச் சொற்ப வரத்தும் தடைப்படும். முதலில் பாதிக்கப்படுவது காயின் கடைக்கோடி. இதற்கு மருந்து சீரான தண்ணீரும், ஈரம் காயாமலிருக்கச் சருகு மூடாக்கும்தான்.

முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். நம் வீடுகளில் போர் தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் முக்கியமாக இதே பொருள்தான். அந்தத் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்குத் தினமும் கால்சியம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதுவுமல்லாமல், கையால் நொறுக்கிய ஓடு லேசில் கரையாது. தொல்லியல் அகழாய்வுகளிலேயே பழங்காலத்து முட்டை ஓடுகள் கிடைக்கின்றன. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழக மண்ணியலாளர் சார்லஸ் மிட்செல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மாவாக அரைத்த ஓடுதான் சுண்ணாம்புபோல வேலை செய்தது. கையால் நொறுக்கியதற்கும் எதுவும் போடாததற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பெரியம்மாவுக்கு இன்னொரு கைவைத்தியம் உண்டு: கறிவேப்பிலைக்குப் புளித்த மோர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரமண்ணில் இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகும். புளிப்பு அந்தப் பூட்டைத் திறக்கும் என்பது மோருக்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் மண்ணிலிருக்கும் சுண்ணாம்பு ஒரு டம்ளர் மோரின் அமிலத்தைச் சட்டென்று விழுங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், பலரும் ஒரே தொட்டியில் முட்டை ஓட்டையும் போட்டு மோரையும் ஊற்றுகிறார்கள். ஒன்று அமிலம், மற்றது அமிலத்தை அடக்குவது!

பால் வேறொரு இடத்தில் ஜெயித்திருக்கிறது. பிரேசிலின் வாக்னர் பெட்டியால், நீர் கலந்த பசும்பாலை வாரந்தோறும் தெளித்து, சுக்கினி இலைகளில் வரும் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்த முடியும் என்று 1999-ல் காட்டினார். பலன் கிடைத்தது வேரில் ஊற்றியதால் அல்ல; இலைமேல் தெளித்ததால்.

திப்பிக்கு ஒரு வழி

காபித் திப்பி விஷயத்தில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் சாரா ஹார்ட்குரோவும் ஸ்டீபன் லைவ்ஸ்லியும் 2016-ல் தந்த முடிவு கசப்பானது. திப்பியை அப்படியே மண்ணில் கலந்தபோது பிராக்கோலி, முள்ளங்கி, சூரியகாந்தி எல்லாமே குன்றின. மண்ணின் ஈரப்பிடிப்பு என்னவோ கூடியது. களைகளும் குறைந்தன, நட்ட செடிக்கு ஆகாதது களைக்கு மட்டும் ஆகுமா? மட்கவைத்துப் போடுங்கள். டிகாக்‌ஷனை நமக்கு வைத்துக்கொண்டு திப்பியை முதலில் உரக்குழிக்குக் கொடுப்பதே முறை.

ஜெயித்தவர்கள்

தக்காளியோடு செண்டுமல்லி நடச் சொல்லும் குறிப்புக்குப் பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அளவே வகுத்துத் தந்திருக்கிறது. 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி. தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது என்றால் செண்டுமல்லிக்கு 45 நாள் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டுச் செண்டுமல்லி மொட்டைத் தேடிப் போகும். இது பொறி. பொறியில் விழுந்ததைப் பொறுக்கி அழிக்காவிட்டால் நாமே புழு வளர்த்ததாக ஆகிவிடும்.

வேம்பின் வெற்றி இன்னும் பெரிது. 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாவற்றையும் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். பிறகு வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியை அடித்ததும் கொல்லும் விஷமல்ல. பூச்சியைத் தின்னவிடாமல் செய்கிறது; தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது. தெளித்த மறுநாளே பூச்சி செத்துக் கிடக்கவில்லை என்று கைவிடுபவர்கள் அவசரப்படுகிறார்கள். வேப்பெண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சோப்புக் கரைசல் வேண்டும். வெயில் அசாடிராக்டினைச் சிதைக்கும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். நீர்த்துளிக்கு இல்லாத வெயில் பயம் வேப்பெண்ணெய்க்கு உண்டு.

பட்டினி கிடக்கும் பாத்தி

இவ்வளவையும் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான். கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனை அதற்குச் சாட்சி. ஒரு பாத்திக்குத் தொழுவுரம், ஒன்றுக்குத் தழைச்சத்து, ஒன்றுக்கு மணிச்சத்து என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். இவற்றோடு ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது பட்டினி கிடக்கிறது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843-ல் தொடங்கிய கோதுமை வயலிலும் அப்படியொரு பட்டினிப் பாத்தி உண்டு. மற்ற பாத்திகள் சொல்வது உண்மையா என்று தெரிவது அதை வைத்துத்தான்.

நம் வீட்டுத் தோட்டங்களில் இல்லாதது அந்தப் பாத்திதான். நல்லது என்று நம்புகிற ஒன்றை ஒரு செடிக்கு மட்டும் கொடுக்காமலிருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. எல்லாச் செடிக்கும் மோர் ஊற்றிவிட்டு மோரால்தான் வளர்ந்தது என்கிறோம்.

நான் ஆறு கறிவேப்பிலைக் கன்றுகள் வாங்கினேன். ஒரே அளவுத் தொட்டி, ஒரே மண், ஒரே வெயில். எந்த மூன்றுக்கு மோர் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். பார்க்கத் தெம்பான கன்றுகளாக நாமே பொறுக்கிவிடக் கூடாதல்லவா? மற்ற மூன்றுக்கும் அதே அளவு வெறும் தண்ணீர். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “அந்த மூணும் என்னடா பாவம் பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். ஆறு தொட்டியிலும் மோர் வாசனை.