காருக்கு ஆம்ப் போடும் முன் ஒரு சின்னக் கணக்கு

கார் ஸ்டீரியோ விளம்பரங்களில் "50 வாட்ஸ் × 4" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 200 வாட்ஸ் இருக்கே, அப்புறம் எதுக்கு தனியா ஒரு ஆம்ப்ளிஃபையர் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பி.இ. முதல் வருஷத்துல படிச்ச ஓம் விதியே இதற்குப் போதும்.

எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். கம்பெனி ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப் சிப்புக்குக் கையிருப்பு அவ்வளவுதான். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இயக்கினாலும் அந்த 14.4-ஐத் தாண்ட முடியாது. 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள்: 51.84. அந்த "50 வாட்ஸ்" இங்கிருந்துதான் வருது! ஆனால் அது ஒலி அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டு சதுரமாகிப்போன நிலை. காது கொடுத்துக் கேட்க முடியாது. சுத்தமான அலைக்கு அதில் பாதி, 26 வாட்ஸ். சிப்புக்குள் போகும் இழப்பையும் கழித்தால் 20 வாட்ஸ் பக்கம் வந்து நிற்கும்.

தனி ஆம்ப், பேட்டரி வோல்ட்டேஜை உள்ளேயே ஒரு பவர் சப்ளை வைத்து உயர்த்திக்கொள்கிறது. வோல்ட்டேஜ் இரண்டு மடங்கானால் பவர் நான்கு மடங்கு. ஆனா இது சும்மா வராது. சேனலுக்கு 75 வாட்ஸ் வீதம் நாலு சேனல், 300 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் திறன் உள்ள கிளாஸ் டி ஆம்ப் என்றால் முழு வேகத்தில் 26 ஆம்பியர் இழுக்கும். 50 சதவீதத் திறன் உள்ள கிளாஸ் ஏபி என்றால் 42 ஆம்பியர். ஸ்டீரியோவுக்குப் போகும் மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. அதனால்தான் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயர் இழுக்கிறார்கள்.

விஷயமே இந்த ஒயரில்தான் இருக்கு. "ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம்பில் இருப்பது ஆம்பைக் காப்பாற்ற. பேட்டரி பக்கத்தில் வைப்பது ஒயரைக் காப்பாற்ற. இந்த ஒயர் ஃபயர்வாலில் உள்ள ஓட்டை வழியாக (நம்ம நெட்வொர்க் ஃபயர்வால் இல்லீங்க, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் நிஜமான இரும்புத் தகடு) நுழைந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பல அடி தூரம் போகிறது. வண்டி அதிர அதிர, தகட்டின் விளிம்பு மேலுறையை அறுத்து, செம்பு பாடியைத் தொட்டால்? கரண்ட் அங்கேயே எர்த் ஆகிவிடும், ஆம்ப் வரைக்கும் போகவே போகாது. ஆம்பிலுள்ள ஃபியூஸ் அப்படியே முழுசா இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரையே சுற்ற வைக்கும் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஒயர் பழுக்கும், மேலே இருக்கும் கார்ப்பெட் எரியும்.

அதனால் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் அவசியம். அதன் அளவு ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் வேண்டும். ஒயர் சுத்தமான செம்பா என்றும் பாருங்கள். செம்பு பூசிய அலுமினிய ஒயரும் விற்கிறார்கள். அலுமினியம் கடத்துவது செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதே தடிமனில் அதிகம் சூடாகும்.

சிக்னல் எங்கிருந்து எடுப்பது? ஆர்சிஏ அவுட்புட் இல்லாத கம்பெனி ஸ்டீரியோ என்றால், ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கக்கூடிய ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் எர்த் கிடையாது. இரண்டு முனைகளையும் இயக்குவதால், இரண்டிலுமே பேட்டரி வோல்ட்டேஜில் பாதி நிற்கும். மைனஸை பாடியில் முடிந்தால் ஸ்டீரியோ சிப் காலியாகலாம்.

கடைக்குப் போனால் எத்தனை வாட்ஸ் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். "பேட்டரி பக்கத்துல ஃபியூஸ் எங்க வைப்பீங்க?" என்று முதலில் கேளுங்கள். "அதெல்லாம் வேணாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.